குடும்ப வன்முறையும் குழந்தைகளும்: ஆய்வு செய்யப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஜனவரி பிறந்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஆய்வேட்டுச் சந்தேகங்கள்தான். சமூகப்பணி, உளவியல், சமூகவியல் படிக்கும் பிள்ளைகள், சில சமயம் அவர்களுடைய வழிகாட்டிகள். பல வருஷமாகக் களப்பயிற்சி மேற்பார்வையில் இருப்பதால், கேள்வி முடிவதற்குள் பதில் வாயில் வந்துவிடுகிறது. ஒரே பதிலை இருபது பேருக்குச் சொல்வதற்குப் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. மேடம், குடும்ப வன்முறைன்னா புருஷன் பொண்டாட்டிய அடிக்கிறது மட்டும்தானே?

இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-ன் 3-வது பிரிவை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். உடல், பாலியல், வாய்ச்சொல்லும் மனமும் சார்ந்தது, பொருளாதாரம் என்று நாலு வகை சொல்கிறது. வீட்டுச் செலவுக்குக் காசு தராமல் இழுத்தடிப்பதும், போட்டு வந்த நகையைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் அதில் வரும். அடிப்பவர் புருஷனாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. எதிர்மனுதாரர் "வயது வந்த ஆண்" என்றிருந்த சொற்களை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் மீதும் மனு போடலாம்.

ஆனால் சட்டத்தின் வரையறையை அப்படியே தூக்கி ஆய்வின் வரையறையாக வைக்காதீர்கள். சட்டத்துக்கு நிவாரணம் தர வேண்டிய வேலை, உங்களுக்கு எண்ண வேண்டிய வேலை. பெற்றோருக்கு இடையில் நடப்பதை மட்டும் எடுக்கிறீர்களா, குழந்தை மீது விழும் அடியையும் சேர்க்கிறீர்களா, வீட்டிலுள்ள தாத்தா பாட்டி, சித்தப்பாவும் கணக்கா என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிடுங்கள். பாதி வாய்மொழித் தேர்வுகளில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

2. குழந்தை மேல ஒரு அடிகூட விழல. பக்கத்துல இருந்து பார்த்துச்சு, அவ்வளவுதான். அதுக்கு என்ன பாதிப்பு இருக்கப் போகுது?

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. அப்பா கட்டட வேலை. சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயந்தரம் ஆனால் அவள் வீட்டு அரிவாள்மனையை ஒரு துணியில் சுற்றிப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்துவிட்டு வருவாள். ஞாயிறு காலை போய் வாங்கி வருவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் மாணவி வைத்திருந்த கேள்வித்தாளில் "வீட்டில் வன்முறையைப் பார்த்திருக்கிறாயா? ஆம் / இல்லை" என்று ஒரு வரி. அவள் "இல்லை" என்றாள். உண்மைதான், சண்டை நடக்கும் நேரத்தில் அவள் ஆயா வீட்டில் இருப்பாள். தாளின்படி அவள் பாதிக்கப்படாத குழந்தை.

"பார்த்தது" என்ற சொல் எவ்வளவு போதாது என்பதை ஜார்ஜ் ஹோல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2003-லேயே வகைப்படுத்தி எழுதினார். வயிற்றில் இருக்கும்போதே அம்மா அடி வாங்குவது, நடுவில் புகுந்து தடுப்பது, தானும் அடி வாங்குவது, ஒருவர் பக்கம் சேர வைக்கப்படுவது, கண்ணால் பார்ப்பது, பக்கத்து அறையிலிருந்து கேட்பது, மறுநாள் வீங்கின முகத்தைப் பார்ப்பது, அதற்கப்புறம் வீடு மாறுவது போன்ற விளைவுகளைச் சுமப்பது, பிறர் சொல்லித் தெரிந்துகொள்வது, ஒன்றுமே தெரியாதது போல் இருப்பது என்று பத்து. இங்கிலாந்தில் 2021-ல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம், இப்படிப் பார்த்தும் கேட்டும் அதன் விளைவை அனுபவித்தும் வளரும் குழந்தையையும் பாதிக்கப்பட்டவர் என்றே சொல்லிவிட்டது. உங்கள் கேள்வித்தாளில் அந்தப் பத்துக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சனிக்கிழமை அரிவாள்மனைக்கு ஒரு கட்டம் வேண்டும்.

3. தமிழ்நாட்டுல எவ்வளவு நடக்குதுன்னு ஒரு நம்பர் வேணும். எதை மேற்கோள் காட்டலாம்?

என்.எஃப்.எச்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது சுற்றின்படி, திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் கணவனிடம் எப்போதாவது உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்தவர்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். 2015-16-ல் இது 40.6. இந்திய அளவில் 29.3. வாய்ச்சொல், காசு, சந்தேகம் எதுவும் இந்த எண்ணில் இல்லை என்பதைக் கூடவே எழுதுங்கள்.

காவல்துறைப் புள்ளிவிவரத்தை "எவ்வளவு நடக்கிறது" என்பதற்கு எடுக்காதீர்கள். அது எவ்வளவு பதிவாகிறது என்பதைத்தான் சொல்லும். அதே ஐந்தாவது சுற்றில், வன்முறையை அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் இந்திய அளவில் 14 சதவீதம்தான். 77 சதவீதம் பேர் உதவியும் கேட்கவில்லை, ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

குழந்தைகள் பற்றி? மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வை எல்லோரும் எடுத்து வைக்கிறார்கள். 12,447 குழந்தைகளிடம் கேட்டது, மூன்றில் இரண்டு பேர் உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டதாகச் சொன்னது. பெரிய வேலைதான். ஆனால் எடுத்துக்கொண்ட 13 மாநிலங்களில் தமிழ்நாடு கிடையாது. "தமிழகத்தில் மூன்றில் இரண்டு குழந்தைகள்" என்று எழுதி வரும் ஆய்வேடுகளை எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

4. நம்ம ஊர்ல இந்தியா சராசரியை விட அதிகமா? படிப்பெல்லாம் இவ்வளவு இருக்கே, நம்பவே முடியலையே.

நிஜமாகவே அதிகம் நடக்கலாம். அல்லது இங்கே பெண்கள் கொஞ்சம் கூடுதலாக வாய் திறந்து சொல்லலாம். ஒரு சதவீதத்தை வைத்துக்கொண்டு இதில் எது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டையும் எழுதுங்கள். பிடித்ததை மட்டும் எழுதாதீர்கள்.

5. "வன்முறை"ன்னு கேட்டா எல்லாரும் "அதெல்லாம் இல்லீங்க"ங்கறாங்க. முப்பது பேர்ல இருபத்தெட்டு பேர் இல்லை. நான் என்ன பண்றது?

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். வன்முறை என்பது செய்தித்தாளில் நடப்பது. வீட்டில் நடப்பது "கை நீட்டுறது", "ரெண்டு தட்டு தட்டுறது", "கோபம் வந்தா கொஞ்சம் ஒரு மாதிரி". கன்னத்தில் அறைந்தாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தாரா, ராத்திரி வெளியில் தள்ளிக் கதவைச் சாத்தினாரா என்று செயலைக் கேளுங்கள். "எல்லாம் நல்லாத்தான் பாத்துக்குறாரு" என்ற அதே அம்மா, "தட்டைத் தூக்கி எறிஞ்சிருக்காரா?" என்றதும் சிரித்துவிட்டு, "எந்தத் தட்டைக் கேக்குறீங்க?" என்றார்.

செயல் செயலாகக் கேட்கும் முறையைப் பரவலாக்கியவர் மரே ஸ்ட்ராஸ். அமெரிக்காவில் 1975-ல் நாடு தழுவிய ஆய்வில் பயன்படுத்தி, 1979-ல் அளவுகோலாக வெளியிட்டார். நம் என்.எஃப்.எச்.எஸ். கேள்விகளும் அதன் வழியில் வந்தவைதான். அதன் மீதான குறையும் பழையது: யார் ஆரம்பித்தது, யார் யாருக்குப் பயந்து வாழ்கிறார் என்பதை அது கேட்பதில்லை. அவள் தன்னைக் காத்துக்கொள்ளத் தள்ளியதும் அதன் கணக்கில் ஒன்று, அவன் அவளைச் சுவரில் மோதியதும் ஒன்று. 1996-ல் திருத்தியபோது காயத்தையும் பாலியல் வற்புறுத்தலையும் சேர்த்தார்கள். பயம் இன்னும் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கிறது. "அவர் வீட்டுக்கு வர்ற நேரம் ஆனா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று ஒரு திறந்த கேள்வி சேருங்கள். முழுப் பட்டியலைவிட அந்தப் பதில் சில சமயம் கனமாக இருக்கும்.

6. குழந்தைக்கு எந்த ஸ்கேல் போடலாம்?

பெரும்பாலும் எஸ்.டி.க்யூ. என்ற, பிள்ளையின் பலத்தையும் சிரமங்களையும் அளக்கும் கேள்வித்தாள் போதும். ராபர்ட் குட்மேன் 1997-ல் வெளியிட்டது, 25 வரிகள், தமிழிலும் இருக்கிறது. மனக்கவலை, நடத்தை, துறுதுறுப்பு, சகபிள்ளைகளோடு பழகுவது, பிறருக்கு உதவுவது என ஐந்து பகுதி. முதல் நாலையும் கூட்டித்தான் மொத்த மதிப்பெண். ஐந்தாவதையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வராதீர்கள், வருஷத்துக்கு ஒருவராவது வருகிறார். 11 வயதுக்கு மேல் பிள்ளையே நிரப்பும் படிவமும் உண்டு. மொழிபெயர்ப்பை நீங்களாக "எளிமைப்படுத்த" வேண்டாம், சொல்லை மாற்றினால் அது வேறு அளவுகோல்.

அம்மா ஒருவரிடம் மட்டும் நிரப்பி வாங்கிவிட்டு முடிவெழுதுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. மனம் சோர்ந்து கிடக்கும் அம்மாவுக்குப் பிள்ளை செய்வதெல்லாம் தொல்லையாகத் தெரியலாம். அல்லது தன் கஷ்டத்தில் பிள்ளையின் மாற்றம் கண்ணில் படாமலே போகலாம். ஆசிரியரிடமும் ஒன்று வாங்குங்கள். ஆனால் வகுப்பு முழுவதற்கும் அல்லது ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சேர்த்து வாங்குங்கள். ஒரே ஒரு பிள்ளைக்குக் கேட்டால், அடுத்த பீரியடுக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடும்.

7. ஏ.சி.இ. ஸ்கோர் போட்டா ஈஸியா முடிஞ்சிருமே? பத்தே கேள்வி.

ஏ.சி.இ. என்பது சிறு வயதில் பட்ட கஷ்டங்களை எண்ணும் பட்டியல். பத்தே கேள்வி என்பதுதான் அதன் கவர்ச்சி, அதன் ஆபத்தும் அதுதான். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா இருவரும் அமெரிக்காவின் சான் டியாகோவில் மருத்துவக் காப்பீடு உள்ள பெரியவர்களிடம் சிறு வயதுக் கஷ்டங்களைக் கேட்டு 1998-ல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு கட்டமாக 17,000 பேருக்கு மேல். கஷ்டம் கூடக் கூட இதயநோய், மனச்சோர்வு, போதை எல்லாம் கூடுவதாகக் காட்டியது. பொதுச் சுகாதாரத்தில் அது ஒரு திருப்பம்தான்.

ஆனால் அது கூட்டத்தைப் பற்றிச் சொல்லும் கருவி. ஒரு குழந்தையின் ஸ்கோர் 5 என்பதால் அந்தக் குழந்தைக்கு இன்னது வரும் என்று சொல்லாது. தனி ஆளை எடை போட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார். ஒருமுறை கத்தியைக் காட்டி மிரட்டியதற்கும் ஒரு மதிப்பெண், பத்து வருஷம் நாள்தோறும் அடித்ததற்கும் அதே ஒரு மதிப்பெண். பெரியவர்கள் திரும்பிப் பார்த்துச் சொல்வதற்காகச் செய்ததை எட்டு வயதுப் பிள்ளை முன்னால் விரிக்காதீர்கள்.

8. இப்படிப்பட்ட வீட்டுல வளர்ற பிள்ளைங்க எல்லாரும் கெட்டுத்தான் போவாங்களா?

இல்லை. 2003-ல் கிட்ஸ்மேன் குழுவினர் 118 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். பெற்றோர் வன்முறையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சுமார் 63 சதவீதம் பேர், பார்க்காத சராசரிப் பிள்ளையைவிட மோசமான நிலையில் இருந்தார்கள். மீதி 37 சதவீதம் பேர் சராசரிப் பிள்ளைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தார்கள். முதல் எண்ணை எழுதுகிறவர்கள் இரண்டாவதையும் எழுத வேண்டும். 63-ஐ எழுதும்போது, எந்தத் தொடர்பும் இல்லை என்றாலே அது 50 இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

வயதுக்கு வயது முகம் வேறு. கைக்குழந்தை தூங்காது, பால் குடிக்காது. நாலைந்து வயதில், விட்டுப்போன படுக்கை நனைப்பு திரும்ப வரும். பள்ளிப் பிள்ளைக்குக் காலையில் வயிற்றுவலி. ஊசி போட்டும் தீராது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வராது. சில பிள்ளைகளுக்கு அதுவே தலைகீழாக இருக்கும்: பள்ளிக்கூட நாளெல்லாம் சரியாக இருந்து, லீவு விட்டால் வரும். எல்லாவற்றையும்விட நழுவிப் போவது "நல்ல பிள்ளை". முதல் ரேங்க், தம்பியைப் பார்த்துக்கொள்வாள், சத்தமே இருக்காது. எஸ்.டி.க்யூ.வில் மதிப்பெண் குறைவாக வந்து உங்கள் அட்டவணையில் "பாதிப்பில்லை" பத்தியில் உட்காருவாள். சமாளிப்பு என்பதையும் பாதிப்பு இல்லை என்பதையும் ஒரே பத்தியில் போடாதீர்கள்.

9. அப்பா அடிச்சா பையனும் நாளைக்குப் பொண்டாட்டிய அடிப்பான். இது நிரூபணமான விஷயம்தானே?

பாதி. இந்தியாவில் ஏழு இடங்களில், சென்னையும் வேலூரும் திருவனந்தபுரமும் அதில் உண்டு, 9,938 பெண்களிடம் எடுத்த ஆய்வு ஒன்று இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் ஜெயசீலன் குழுவினர் அதை 2007-ல் எழுதினார்கள். சிறு வயதில் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்த பெண்கள், பிற்பாடு கணவனிடம் அடி வாங்கும் வாய்ப்பு கூடுதல் என்று அதில் தெரிந்தது. என்.எஃப்.எச்.எஸ்.-ம் அதையே சொல்கிறது. கவனியுங்கள், இரண்டுமே அடி வாங்கிய பெண்ணின் சிறு வயதைப் பற்றி. அடித்த ஆணின் சிறு வயது அவளிடம் கேட்டுத் தெரிவதில்லை.

பிள்ளையிலிருந்து பின்தொடர்ந்து போன ஆய்வு வேண்டுமானால் கேத்தி ஸ்பாட்ஸ் விடம் 1989-ல் வெளியிட்டது. நீதிமன்றப் பதிவில் இருந்த, துன்புறுத்தப்பட்டோ புறக்கணிக்கப்பட்டோ வளர்ந்த 908 பிள்ளைகள், அதே சூழலைச் சேர்ந்த மற்ற 667 பிள்ளைகள். வன்முறைக் குற்றத்துக்குக் கைதானவர்கள் முதல் குழுவில் சுமார் 11 சதவீதம், இரண்டாவதில் சுமார் 8. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அடி வாங்கி வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்தப் பட்டியலில் இல்லை. "அப்பன் புத்திதான் இதுக்கும் வரும்" என்று சொந்தக்காரர்கள் அந்தப் பையன் காதுபட ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆய்வேடும் சேர்ந்து சொல்ல வேண்டாம்.

10. எல்லாத்துக்கும் காரணம் குடிதானே மேடம்? தலைப்பே அப்படித்தான் வெச்சிருக்கேன்.

என்.எஃப்.எச்.எஸ். ஐந்தாவது சுற்றில், அடிக்கடி போதையாகும் கணவன்மாரின் மனைவிகளில் 70 சதவீதம் பேர் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சொன்னார்கள். குடிக்கவே குடிக்காதவர்களின் மனைவிகளில் 23 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்து டாஸ்மாக் கடை மேல் கோபம் வருவது நியாயம்தான். இரண்டாவது எண்ணையும் பாருங்கள். ஒரு சொட்டுத் தொடாதவர்கள் வீட்டிலும் நாலில் ஒன்றுக்குக் கிட்ட. அவர்கள் எதைக் குடித்துவிட்டு அடித்தார்கள்?

"குடிச்சா மட்டும்தான் இப்படி, மத்தபடி தங்கமானவரு" என்று அம்மா சொல்லும்போது தொடர்ந்து ஒன்று கேளுங்கள்: போதையில் மேஸ்திரியையும் அடிப்பாரா? பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். குடியைக் காரணம் என்று வைக்காமல், கூடச் சேரும் ஒன்றாக வையுங்கள்.

11. நான் மட்டக்களப்பு. இங்க பிள்ளைகளப் பற்றி எழுதுறதெல்லாம் போரும் சுனாமியும்தான். வீட்டுக்குள்ள நடக்கிறத ஆரும் பார்த்திருக்கினமா?

பார்த்திருக்கிறார்கள். சுனாமிக்குச் சில வாரங்கள் கழித்து, வடகிழக்கில் முகாம்களில் இருந்த 9 முதல் 15 வயது வரையான 296 தமிழ்ப் பிள்ளைகளிடம் உள்ளூர்த் தமிழ் ஆலோசகர்களே பேசி எடுத்த ஆய்வு. கிளாடியா கட்டானி குழுவினர் 2008-ல் வெளியிட்டார்கள். போர் சார்ந்த அனுபவம் ஒன்றாவது உள்ளவர்கள் 82.4 சதவீதம். வீட்டுக்குள் துன்புறுத்தல் ஒன்றாவது அனுபவித்தவர்கள் 95.6 சதவீதம். போரைத் தேடிப் போனவர்களுக்கு அடுப்படி கிடைத்தது. அப்பாவின் குடியும், பிள்ளை போரைப் பார்த்த அளவும் வீட்டு அடியோடு சேர்ந்தே போயின.

உங்களுக்குச் சட்டமும் வேறு: 2005-ன் 34-ம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். கீழே நான் சொல்லும் இந்தியப் பிரிவு எண்களை உங்கள் ஆய்வில் ஒட்டாதீர்கள்.

12. வீட்டுக்கே போய்க் கேக்கலாமா?

போகலாம், ஆனால் நான் போன மாதிரி போகாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனேன். மாமியார் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வயதானவர், காது கேட்காது என்று நானே முடிவு செய்துகொண்டு கேள்வித்தாளைப் பிரித்தேன். மருமகள் எல்லாவற்றுக்கும் "இல்லை". மறுவாரம் போனால் கதவு திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சொன்னார்: அன்றைக்கு ராத்திரி புருஷன், "என்னைப் பத்தி ஆபீஸ்காரிகிட்ட என்னடி சொன்ன?" என்று கேட்டுக் கேட்டு அடித்தானாம். அவள் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே இதற்கு விதிகள் வெளியிட்டிருக்கிறது. ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும். இரண்டு வயதுக்கு மேற்பட்ட யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஊருக்குள் ஆய்வின் பெயர் "பெண்கள் நலமும் குடும்ப வாழ்க்கையும்" என்பது போலப் பொதுவாக இருக்கட்டும், சம்பந்தப்பட்ட பெண்ணிடம் மட்டும் தனியாக உண்மையைச் சொல்லுங்கள். யாராவது உள்ளே வந்தால் உடனே "ரேஷன்ல பருப்பு ஒழுங்கா வருதாம்மா?" என்று தாவ, கையில் ஒரு டம்மி தாள் இருக்கட்டும். தனிமை கிடைக்கவில்லை என்றால் எண்ணிக்கை குறைந்தாலும் பரவாயில்லை, எழுந்து வந்துவிடுங்கள். அதற்கப்புறம் வாட்ஸப்பில் "அக்கா, மீதிக் கேள்வி அனுப்பவா?" என்று தட்டாதீர்கள். போன் யார் கையில் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

13. குழந்தைகிட்ட பேச அப்பா கையெழுத்து வேணுமாமே. அடிக்கிறவரே சம்மதம் கொடுக்கணுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளின்படி, பெற்றோர் அல்லது சட்டப்படியான காப்பாளரின் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, அதற்கு மேல் 18 வரை எழுத்தில். துன்புறுத்தலும் புறக்கணிப்பும் சார்ந்த ஆய்வில் பெற்றோர் சம்மதத்துக்கு விலக்குக் கேட்க இடம் உண்டு. ஆனால் கொடுக்க வேண்டியது நெறிமுறைக் குழு, காரணத்தோடு, முன்கூட்டியே. நீங்களாக "விட்டுவிட" முடியாது.

கல்லூரியில் அப்படிக் குழுவே இல்லை என்றால்? அப்படியானால் குழந்தைகளிடம் நேரடியாகப் பேசும் ஆய்வை எடுக்காதீர்கள். 17-வது கேள்விக்குப் போங்கள்.

14. "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு எழுதிக் கொடுத்துட்டேன். அந்தப் பிள்ளை மாமா செஞ்சத சொல்லிடுச்சு. இப்போ?

அந்த வாக்கியத்தை எழுதியதே தப்பு. போக்சோ சட்டம், 2012-ன் 19-வது பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த யாரும் காவல்துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்றும் அதே 19-ல் இருக்கிறது.

பேட்டிக்கு முன்னாலேயே பிள்ளையிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா, உதவி பண்ற பெரியவங்ககிட்ட சொல்லுவேன். சொல்றதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்." இதைக் கேட்டுவிட்டுச் சில பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும். மூடட்டும். அது அவர்களுடைய முடிவு. இப்போது மாட்டிக்கொண்டவருக்கு: இன்றைக்கே வழிகாட்டியைக் கூப்பிடுங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசுங்கள். திங்கட்கிழமைக்குத் தள்ளாதீர்கள்.

15. பாலியல் விஷயம் இல்ல. அப்பா பெல்ட்டால அடிக்கிறாரு. இதையும் சொல்லணுமா?

சிறார் நீதிச் சட்டம், 2015-ன் 75-வது பிரிவில், குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்துவது குற்றம். எந்த அளவுக்கு மேல் போனால் சொல்வீர்கள், யாரிடம் சொல்வீர்கள் என்பதை ஆய்வு தொடங்கும் முன் எழுதி வைத்திருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு, பெண்களுக்கான உதவி எண் 181, ஒருங்கிணைந்த சேவை மையம், மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் என்று உங்கள் மாவட்டத்தில் யார் யார் என நேரில் போய்ப் பார்த்து வாருங்கள். தாளில் இருக்கும் எண்ணுக்கு ஒருமுறையாவது நீங்களே போட்டுப் பாருங்கள், மணி அடிக்கிறதா என்று.

16. அடி வாங்குற அம்மாவே பிள்ளையையும் போட்டு அடிக்கிறாங்க. எழுதினா அம்மாவைக் குறை சொன்ன மாதிரி ஆயிடாதா?

மறைத்தால் பிள்ளையை விட்டுக்கொடுத்த மாதிரி ஆகும். எழுதுங்கள், ஆனால் எப்போது அடிக்கிறார் என்பதையும் எழுதுங்கள். ஒரு அம்மா தினமும் ஏழரை மணிக்கு மகனை அடிப்பார். எட்டு மணிக்கு அப்பா வருவார். வரும்போது புத்தகம் விரிந்திருக்க வேண்டும், சத்தம் இருக்கக் கூடாது, இல்லாவிட்டால் இருவருக்கும் விழும். அம்மாவைப் பொறுத்தவரை அந்த ஏழரை மணி அடி பாதுகாப்பு நடவடிக்கை. பையனுக்கு அது அடிதான். இரண்டும் ஒரே பக்கத்தில் வரட்டும். "தாய்மார்களின் வன்முறை 60%" என்று நேரமும் சூழலும் இல்லாமல் அட்டவணை மட்டும் போட்டால், அது அடுத்த விவாகரத்து வழக்கில் யாராவது ஒரு வக்கீல் கையில் இருக்கும்.

17. நேரா பேட்டி எடுக்காமலே இந்தத் தலைப்பைச் செய்ய முடியாதா?

முடியும். முதுகலைக்கு நான் முதலில் சொல்வதே அதுதான். அங்கன்வாடிப் பணியாளர்கள், பள்ளி ஆசிரியர்கள், அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருப்பவர்கள், பாதுகாப்பு அலுவலர்கள் ஆகியோர் என்ன பார்க்கிறார்கள், என்ன செய்கிறார்கள், எங்கே கைகட்டி நிற்கிறார்கள் என்பது தனி ஆய்வு. 2005 சட்டத்தின் 21-வது பிரிவில் குழந்தையைத் தற்காலிகமாக யாரிடம் விடுவது என்று உத்தரவு போட முடியும். அப்படிப் போட்ட தீர்ப்புகளில் குழந்தையைப் பற்றி எத்தனை வரி இருக்கிறது என்று மட்டும் ஒருவர் படித்துப் பார்க்கலாம். இதுவரை யாரும் எனக்கு அதைச் செய்து கொண்டுவரவில்லை.

18. அக்கா, எங்க வீடே அப்படித்தான். நான் இந்தத் தலைப்பை எடுக்கலாமா?

எடுக்கலாம். இந்தத் துறையில் இருக்கும் நிறையப் பேர் அப்படி வந்தவர்கள்தான், வெளியில் சொல்வதில்லை. மற்றவர்களுக்குக் கேட்காத மௌனம் உங்களுக்குக் கேட்கும். அதே சமயம், எதிரில் உட்கார்ந்திருக்கும் அம்மா சொல்லாததையும் உங்கள் அம்மா சொன்னதாக வைத்து நிரப்பிவிடும் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு பேட்டி முடிந்ததும் அரைப் பக்கம் தனி நோட்டில் எழுதுங்கள்: இதில் அவர் சொன்னது எது, எனக்கு ஞாபகம் வந்தது எது.

இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்றால், இந்த வருஷம் வேண்டாம். கேள்வித்தாள்களை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

19. மூணு தடவை போய்ப் பேசி முடிச்சாச்சு. இப்போ அந்தப் பொண்ணு "திரும்ப எப்போ வருவீங்கக்கா"ன்னு கேக்குறா. என்ன சொல்ல?

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். 14-ல் சொன்ன பேச்சோடு சேர்த்து, "நான் மூணு தடவைதான் வருவேன்" என்று விரல் மடக்கிக் காட்டுங்கள். இரண்டாம் முறை, "இன்னும் ஒரு தடவை" என்று சொல்லுங்கள். இப்போது கேட்டுவிட்டாள் என்றால், "பரீட்சை முடிஞ்சதும் வரேன்" என்று பொய் சொல்லாதீர்கள். அவள் வீட்டில் "இனிமே குடிக்க மாட்டேன்", "இனிமே கை நீட்ட மாட்டேன்" என்று நிறையக் கேட்டிருப்பாள்.

"இனி வர மாட்டேன்மா" என்று சொல்லிவிட்டு, அவளுக்கு ஏற்கெனவே இருக்கிற ஆள் யார் என்று கேளுங்கள். டீச்சரா, அத்தையா, அரிவாள்மனையை வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டு ஆயாவா. அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சம்மதம் என்றால், கிளம்பும் முன் அந்த ஆயா வீட்டில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, 1098 என்ற எண்ணை அவர் கண்ணில் படும் இடத்தில், காலண்டரின் ஓரத்தில் பெரிதாக எழுதிவிட்டு வாருங்கள்.